பன்னிரண்டுக்கு ஒன்பது

நாற்பத்தொன்றாம் பிளாக்கின் படிக்கட்டை வரைந்தவன் நான்.
திருப்பத்தில் அகலம் நூற்றுப்பத்து சென்டிமீட்டர்.
மாவு மூட்டை ஏறும், ஃபிரிட்ஜ் ஏறும்,
கொஞ்சம் சாய்த்தால் சோபாவும் ஏறும்.
இறங்குவதைப் பற்றி
யாரும் என்னைக் கேட்கவில்லை.

முலுனேஷ் செத்தது மழைக்காலத்து வியாழக்கிழமை.
நான்காம் மாடி.
பெட்டி திருப்பத்தில் மாட்டிக்கொண்டது.
ஆறு பேர், ஒருவர் மூச்சு இன்னொருவர் கழுத்தில்.
கடைசியில் அவளை நிற்கவைத்து இறக்கினார்கள்.
பதினொரு வருடம் முட்டிவலியோடு
சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கியவள்
அன்றுதான் நிமிர்ந்து இறங்கினாள்.
மகன் வொண்டிமு தலைப்பக்கம் கைவைத்தபடி
"அம்மா, இன்னும் ரெண்டு படி" என்றான்.
இன்னும் ஒன்பது இருந்தது.
எனக்குத் தெரியும்.

வரைபடத்தில் ஒரு வீடு இருந்தது,
யாருக்கும் சொந்தமில்லாத வீடு.
நாற்பத்தொன்றுக்கும் நாற்பத்திரண்டுக்கும் நடுவே
பன்னிரண்டுக்கு ஒன்பது மீட்டர்.
இன்ஜெரா சுட ஆறு அடுப்பு,
பண்டிகைக்கு ஆடு அறுக்க ஒரு தளம்,
ரத்தம் வடிய நூற்றுக்கு இரண்டு சரிவு,
துக்கத்துக்கு வந்தவர் உட்காரக் கூரை.
முதல் திருத்தத்தில் அது 'பின்னர்' என்று ஆனது.
அடுத்ததில் 'கடைகள்'.
மூன்றாவதில் சாய்கோடு போட்டு நிரப்பச் சொன்னார்கள்:
வண்டி நிறுத்தம்.
நிரப்பினேன்.
அடிஸ் அபாபாவில் ஐந்தரை பஸ்ஸை விட்டால்
அடுத்ததற்கு உத்தரவாதம் இல்லை.
கோடுகள் ஒரே இடைவெளியில் அழகாக விழுந்தன.

குடிவந்த வருடம் ஈஸ்டர் ஆட்டை
குளியலறையில் அறுத்தார் ஜெனெபெ.
கீழ்வீட்டுச் சமையலறை மேல்தளத்தில்
சிவப்பாக ஒரு தீவு வந்தது.
எத்தனை வெள்ளையடித்தும் மறையவில்லை.
அஸ்னாகெச் பால்கனியில் அடுப்பு மூட்டினாள்,
மூன்று மாடிக்கு இருமல்.
"இஞ்சினியர், உங்கள் வீட்டில் தூங்கலாம்.
சமைக்க முடியாது, சாக முடியாது."
சிரித்தோம். நானும்தான்.

சாவுச் சங்கத்தின் கூடாரம் லாரியில் வந்தது.
மாதம் நாற்பது பிர் சந்தாவில் வாங்கியவை எல்லாம் வந்தன:
பெஞ்சு, எனாமல் தட்டு,
ஒரு ஆள் உள்ளே உட்காரக்கூடிய பானை.
விரிக்கத்தான் இடமில்லை.
வெள்ளை வேன்காரர்
சாவி தேடுகிறேன் என்று போனவர் போனவர்தான்.
எட்டுப் பேர் சேர்ந்து, எதுவும் பேசாமல்,
வேனைத் தூக்கி ஓரமாக வைத்தார்கள்.

மூன்று நாள்.
பதினேழாம் எண் போட்ட கட்டத்தில்
அஸ்னாகெச்சின் அடுப்பு எரிந்தது.
மழை கூடாரத்தின் வயிற்றில் தேங்கத் தேங்க
பையன்கள் துடைப்பக்கட்டையால் குத்திக் கொட்டினார்கள்.
ஐந்து வருடம் எதிர்வாசலில் இருந்தவரின் பெயரை
அங்கேதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.
இரண்டாம் இரவு வேன்காரர்
வறுத்த பார்லித் தட்டை ஏந்தி வந்தார்.
எனக்கு நீட்டியபோது முகத்தைப் பார்க்கவில்லை.
நானும் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிரித்து ஏற்றியபின்
தாரில் முளைகள் இருந்த குழிகள், குழிகளில் தண்ணீர்.
என் பையில் எப்போதும் அளவுநாடா இருக்கும்.
குனிந்து அளந்தேன்.
பதினேழுக்குப் பதினொன்று.
அந்த வீட்டைக் கட்டியிருந்தாலும்
பாதிப் பேர் மழையில்தான் நின்றிருப்பார்கள்.
இத்தனை வருடமாக அழித்ததற்கு வருந்தியவன்
அன்று முதன்முறையாக வரைந்ததற்கு வருந்தினேன்.

திங்கட்கிழமை புதுத் திட்டம், முப்பது பிளாக்.
படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரு நீள்சதுரம் வரைந்து,
நூற்றுத் தொண்ணூறுக்கு அறுபது,
மவுஸால் மெல்லச் சுழற்றிக்கொண்டிருந்தேன்.
பின்னால் மேலாளர் கெபெயெஹு.
"இது என்ன சாமான்?"
"நான்காம் மாடிக்காரருடையது.
இறங்க வேண்டியிருக்கிறது."
அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது.
பிறகு நாற்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்து,
இருபது சென்டிமீட்டர் கான்கிரீட்டை
நான்கு மாடியால், முப்பது பிளாக்கால்
பெருக்க ஆரம்பித்தார்.

அவர் பெருக்கி முடிக்கும்வரை சுழற்றினேன்.
ஒரு மூலை
இன்னும் சுவரில் இடித்தது.